செடிக்கு ஒரு குறையும் இல்லை

என் அக்கா வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். இதை நான் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து முகத்துக்கு நேராகவே சொல்லி வருகிறேன். மாமா சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. நான் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துவது என் பிழைப்பு. அவர் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். கத்துகிற மெஷினை அடக்குவது அவர் பிழைப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா மாட்டிக்கொண்டு முழித்தாள் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். அவள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சராக இருந்தவள். கடைசி பெஞ்சுவரை எட்டுகிற குரல்.

புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஏதோ ரிப்பேர் கடையில் நிற்பது போல இருக்கும். "குழாய் ஒழுகுது." "ம்." "ஃபேன் ஒரு மாதிரி ஆடுது." "பாக்கறேன்." அவ்வளவுதான் குடும்பம். ஆனால் அவள் சொன்ன எதுவும் மறுநாள் ஒழுகியதில்லை, ஆடியதில்லை. அவருக்குப் பிரியம் காட்டத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அக்காவுக்கும் அது போதுமானதாக இருந்தது, அல்லது போதும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவர்களுடைய ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் என்று அக்கா கிளம்பினாள். மூன்று மாதம் என்று பேச்சு. பெட்டிகளை நான் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவள் குளியலறை ஜன்னலில் இருந்த ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தாள். "நான் வர்றவரைக்கும் இத மட்டும் பாத்துக்கங்க. வேற எது போனாலும் பரவால்ல," என்றாள். மாமா தொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "ம்" என்றார். வழியனுப்பும் வசனம் முடிந்தது.

அது ஒரு பூச்சி தின்னும் செடி. அக்கா ஓய்வு பெற்றபோது, பழைய மாணவி ஒருத்தி கொடுத்தது. வெயில் ஊர்களிலேயே, மேகம் வந்து உட்காருகிற உயரமான மலைகளில் வளர்கிற ஜாதி. ஒவ்வொரு இலையின் நுனியிலிருந்தும் மீசை மாதிரி ஓர் இழை நீளும். அந்த இழையின் முனை வீங்கி, மூடி போட்ட குடுவையாக மாறும். அதற்குள் விழுந்த பூச்சி திரும்பி வராது. "வாயில்லாப் பூச்சியா இருக்கீங்க மாமா, பக்கத்துல போகாதீங்க," என்றேன். வழக்கம்போலச் சிரித்தார்.

அக்கா தினமும் காலையில் போன் செய்வாள். இவர் டீ குடிக்கிற நேரம், அவளுக்குத் தூங்கப் போகிற நேரம். முதல் கேள்வி, "செடி எப்படி இருக்கு?" இவர் சொல்வார்: மூன்றாவது இலை விரிந்தது, நாலாவதின் நுனி லேசாகச் சிவந்திருக்கிறது, மண் ஈரமாகத்தான் இருக்கிறது. செடியைப் பற்றி என்றால் மனிதர் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஆச்சரியம். இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

மூன்று மாதம் முடிந்தது. குழந்தைக்கு ஓயாமல் சளி, மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், "இன்னும் கொஞ்ச நாள்" என்றாள் அக்கா. இவர் "சரி" என்றார். அதற்குள் வெயில் காலம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் சுவர் இரவிலும் சுடும். செடியின் மீசைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துச் சுருண்டன. குடுவை ஒன்றுகூட வரவில்லை. மாமா ஈரத் துணி சுற்றிப் பார்த்தார், பக்கத்தில் ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தார். ஐஸ் கரைகிற வேகத்தில் செடியும் கரைந்தது.

ஒரு நாள் பயிற்சி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நாற்காலியைச் செடிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று அறையுள்ள வீட்டில் இரண்டு அறை பூட்டியிருந்தது. அடுப்படியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்து வைத்தவை.

"இது போயிடுச்சுன்னா உங்க அக்கா காலைல போன் பண்ணி என்னத்தக் கேப்பா, மாப்ள?" என்றார்.

அவர் பயந்தது எனக்குப் புரிந்தது. அந்தத் தொட்டி உயிரோடு இருக்கிறவரைக்கும் அக்கா இந்த வீட்டை நினைப்பாள், ஒருநாள் திரும்பி வருவாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அது செத்தால் அவரிடம் அவளைக் கூப்பிடுவதற்கு வேறு காரணம் இல்லை. தானே ஒரு காரணம் என்று அந்தக் கல்லுளிமங்கனுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. கடைகளில் குளிர்பானம் அடுக்கி வைப்பார்களே, கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ், அது. கம்ப்ரசர் செத்துப்போனது என்று எடைக்குப் போட்டிருந்தார்கள். மாமா காதை வைத்துக் கேட்டுவிட்டு, செத்தது கம்ப்ரசர் இல்லை, அதைக் கிளப்பிவிடுகிற சின்ன ரிலேதான் என்று கண்டுபிடித்தார். கூடத்தின் நடுவில் அதை நிறுத்தி, உள்ளே வெள்ளை எல்.இ.டி பட்டைகளை ஒட்டி, செடியை வைத்துக் கதவைச் சாத்தினார். "மலைன்னா குளிர். குளிர் நம்ம சரக்கு," என்றார். அவர் பெருமை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனைக்கும் அடி சறுக்கும். மாமா ஆயுள் முழுக்கப் பாடுபட்டதெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான்: பகலோ இரவோ, குளிர் ஒரு டிகிரிகூட ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. இந்தப் பெட்டியையும் அப்படியே செய்தார். ஊசி வைத்தாற்போல் நின்றது குளிர். செடி சாகவில்லை. வளரவும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்த கத்தரிக்காய் மாதிரி அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு இலை ஓரங்கள் மொரமொரவென்று காய்ந்தன.

அக்காதான் போனில் சிரித்தாள். "என்னங்க, மலையில பகல்ல வெயில் அடிக்கும். ராத்திரிதான் குளிரும். நீங்க அதுக்கு எந்நேரமும் ராத்திரியாவே வச்சிருக்கீங்க."

மாமா வெகுநேரம் யோசித்தார். குளிர் மாறாமல் இருப்பதுதான் தப்பு என்று அவருக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. இலை ஏன் காய்கிறது என்பது மட்டும் அவருக்கே தெரிந்தது. ஃபிரிட்ஜ் குளிர்விக்கும்போது காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி உள்ளே குழாயில் பனியாக ஒட்டிவிடும். ஒரு கையால் குளிரைக் கொடுத்து, மறு கையால் தண்ணீரைப் பிடுங்குகிற கஞ்சப் பிரபு அது.

பிறகு அவர் செய்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. வேலை முடிந்து நான் அங்கேதான் டீ குடிப்பேன். குளிரை ஒரே அளவில் நிறுத்துகிற பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார். உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அதற்கு வேலை சொல்லக் கற்றுக்கொண்டார். விளக்கு எரிகிறவரைக்கும் பெட்டிக்குள் இளஞ்சூடு. விளக்கு அணைந்ததும் மெல்ல மெல்லக் குளிர் இறங்கி, பதின்மூன்று டிகிரியில் நிற்கும். மறுபடி காலையில் மெல்ல ஏறும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி, அதில் சின்ன வட்டத் தகடு ஒன்றைப் போட்டார். அது அதிர்ந்தால் தண்ணீர் புகைபோலக் கிளம்பி, குழாய் வழியாகப் பெட்டிக்குள் போய்ப் படியும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் இலைமேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதனால் மேல்மாடி வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிடித்தார். மேல்மாடிக்காரர் இது என்ன வைத்தியம் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "மூட்டு வலிக்கு," என்று சொல்லிவைத்தேன். பிறகு அவரும் ஒரு பாட்டில் பிடித்து வைத்துக்கொண்டார் என்று கேள்வி.

ஈரம் சரியானதும் பூஞ்சை வந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய மின்விசிறி இரண்டை உள்ளே மாட்டியதும் பூஞ்சை போனது. கரண்ட் போனால் குளிர் போய்விடுமே என்று குளிரைத் தாங்கிவைக்க அடித்தட்டில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினார், சுற்றிலும் மீன் பெட்டித் தெர்மோகோலை வெட்டி ஒட்டினார். வெளியே பார்க்க அசிங்கத்தின் உச்சம். உள்ளே பார்த்தால், விளக்கு வெளிச்சத்தில் பனி நகரும். கொஞ்ச நேரம் பார்த்தால் நமக்கே கண் சொக்கும்.

இந்த வேலையெல்லாம் நடந்த மாதங்களில் காலை போன் நீண்டுகொண்டே போனது. அக்கா கேட்க, இவர் சொல்ல, அவள் திட்ட, இவர் மறுபடி மாற்ற. ஒரு காலையில் நான் உள்ளே நுழைந்தபோது மாமா போனைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மீசை நுனியில் முதல் குடுவை, கட்டைவிரல் அளவில், சிவப்புக் கோடு போட்ட வயிறோடு, மூடி திறந்து நின்றது. வீடியோவில் அக்கா அழுதுகொண்டே குழந்தையிடம், "தாத்தா செஞ்சது பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவரைப் போலச் சந்தோஷமான ஆள் எங்கள் ஊரில் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அக்காவுக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். வாளியில் தண்ணீர் குறைந்தால் பெரிய கேனிலிருந்து தானே ஏற்றிக்கொள்ள மீன் தொட்டி மோட்டார் ஒன்று. தன்னுடைய பழைய போனைக் கதவுக்கு எதிரே ஒரு கம்பியில் கட்டி, தினமும் விளக்கு எரிந்ததும், பனி கிளம்புவதற்கு முன்னால், அதுவே ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புகிற மாதிரி ஏற்பாடு. படத்துக்குக் கீழே வெப்பம், ஈரம் இரண்டும் எண்ணில் வரும். எண்கள் சரியாக இருந்தால் கூடவே ஒரு வரி: "செடிக்கு ஒரு குறையும் இல்லை." அந்த வரியை அவரே யோசித்து எழுதியிருந்தார்.

"இனிமே உங்க அக்கா போன் போட்டு கேக்கவே வேணாம். படுக்கப் போறதுக்குள்ள படம் வந்துடும்," என்றார் பெருமையாக.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அதை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு மலிவாக, இத்தனை ஒயர் இழுத்துச் செய்த ஆள் வேறு யாரும் இருக்க முடியாது.

முதல் வாரம் அக்கா படத்தைப் பார்த்துவிட்டுப் போனும் செய்தாள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவள் மேல் குற்றம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விக்குத்தான் முன்கூட்டியே பதில் வந்துவிடுகிறதே. மாமா மட்டும் பழக்கதோஷத்தில் டீயை ஊற்றிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்காருவார். ஒரு தடவை நான் போனபோது டீயில் ஆடை படிந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. டம்ளரை வாங்கிப்போய்க் கொட்டிவிட்டு வேறு டீ போட்டேன். கோபம் வந்தால் நான் அப்படித்தான் செய்வேன்.

கேட்காத கடனும் பார்க்காத பயிரும் பாழ் என்பது பழமொழி. இங்கே பயிர் தினமும் படம் பிடிக்கப்பட்டுத் தழைத்தது. பார்க்க ஆள் இல்லாமல் போனது இவருக்குத்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூடித் திறக்க வேண்டாம், பக்கத்திலேயே போக வேண்டாம். வேலையிலிருந்தும் ஓய்வு வாங்கியாயிற்று. காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்பார். கம்ப்ரசர் ஓடும், நிற்கும். வாளி குமிழியிடும். அந்த வீட்டில் அது ஒன்றுதான் பேசியது.

அக்கா வந்துவிடுவாள் என்று அவர் அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார். செடி நன்றாக இருக்கிறது, குடுவை ஆறேழு ஆகிவிட்டது, இதை நேரில் பார்க்க ஆசை இருக்காதா? அவள் போய் இரண்டு வருடம் ஆகும் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா சொன்னாள்: "செடியப் பத்திதான் எனக்குக் கவலையா இருந்துச்சு. இப்ப அது தானாவே இருந்துக்குது. உங்களுக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. புள்ள ஸ்கூல் போற வரைக்கும் இருந்துடறேனே. என்ன சொல்றீங்க?"

"இரு. இங்க ஒரு குறையும் இல்ல," என்றார் மாமா.

இதை எனக்கு அவரே சொன்னார், வானிலைச் செய்தி மாதிரி. நான் கத்தினேன். காரில் கத்துவதைவிட அதிகமாகவே கத்தினேன். "அழுத பிள்ளதான் மாமா பால் குடிக்கும். உங்களுக்கு அழக்கூடத் தெரியலையே. வான்னு சொல்ல ஒரே எழுத்துதானே?"

அவர் பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். "நேத்து பிளக்க புடுங்கிடலாம்னு கை வச்சேன், மாப்ள."

"எதுக்கு?"

"செடி வாடுனா கேப்பால்ல. வந்து பாக்கணும்னு தோணும்ல." சுருண்டிருந்த ஒயரை நீவிவிட்டார். "நல்லா ஓடுற மெஷின நிறுத்தக் கை வரல."

அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை, அவர் கேட்டுக்கொள்கிற ரகமும் இல்லை. "அடுத்த ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். அன்னைக்கு நீங்க சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்வேன்," என்றேன். மாமாவுக்கு அந்த மிரட்டல் பிடித்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

சொன்ன மாதிரியே போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார், பரீட்சைக்குப் போகிறவர்போல. போன் அடித்ததும் அதை ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டியின் தலைமேல் வைத்தார்.

"என்னங்க, படம் பாத்தேன். புதுசா ஒண்ணு விட்டிருக்கு போல. செடி நல்லா இருக்குல்ல?" என்றது அக்காவின் குரல்.

"செடிக்கு ஒரு குறையும் இல்ல."

வழக்கமாக அங்கே பேச்சு நின்றுவிடும். நான் முழங்கையால் இடித்தேன். இடித்திருக்கத் தேவையில்லை.

"எனக்குத்தான்," என்றார் மாமா. "எனக்குத்தான் முடியல. இந்த வீட்ல தனியா இருக்க முடியல. நீ வந்துடு."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது, பாட்டு நின்றது. அக்கா பேசியபோது, அது அவள் குரல்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"இத எப்ப சொல்லுவீங்க, எப்ப சொல்லுவீங்கன்னு மொத வருஷம் பூரா இருந்தேங்க. தெனமும் செடியக் கேப்பேன். நீங்களும் செடியவே சொல்லுவீங்க. நான் இல்லாம நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன்."

"இல்ல," என்றார் மாமா.

"இப்பதான தெரியுது." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "இப்ப இங்க எனக்குப் பழகிடுச்சு. பார்க்குல நாலு பேரத் தெரியும். புள்ள என் கூடத்தான் படுத்துக்குது, அவங்க அம்மாகிட்டகூட போறதில்ல. திடீர்னு எப்படி விட்டுட்டு வர்றது? நம்ம பொண்ணுக்கு லீவு கெடச்சதும் வர்றேன். ஒரு மாசம் உங்களோட இருந்துட்டுத் திரும்பிடறேன்."

ஒரு மாதம். விருந்தாளி பேசுகிற பேச்சு. போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். மாமா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பழுதான மெஷினில் காதை வைக்கும்போது இருக்கிற கவனம்தான் இருந்தது.

"அங்க எவ்வளவு குளிரு?" என்று கேட்டார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"கேட்டதே இல்ல. அதான்."

"வந்த புதுசுல எலும்பு வரைக்கும் குளுந்துச்சுங்க," என்றாள். "பாத்ரூம்ல போய் உக்காந்து அழுவேன். உங்ககிட்ட சொன்னா ஏதாச்சும் செஞ்சு குடுப்பீங்கன்னு தோணும். நீங்க செடிக்குக் குளிர் பத்தலன்னு சொல்லிக்கிட்டு இருப்பீங்க, நான் வச்சுடுவேன். இப்ப ஒண்ணும் தெரியறதில்ல."

குழந்தை கதவைத் தட்டியது. அடுத்த வாரம் பேசுவதாகச் சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள். மாமா போனை எடுக்காமல் அதன் முன்னாலேயே நின்றார். அவர் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது.